வணிக இணையத்தளங்களின் குணமுங் குற்றமும்

கடை வைப்பவன் வாயிலைத் திறந்து வைத்தாற் போதாது. உள்ளே புகுந்தவன் தான் தேடிவந்த பொருள் எப்பக்கத்தில் உள்ளது, விலை யாது, ஐயம் எழுந்தால் யாரிடம் வினவுவது என்பவற்றைத் தடுமாற்றமின்றி அறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்துப் பெரியகடையிலும் கொழும்புச் செட்டியார் தெருவிலும் தலைமுறை தலைமுறையாக வணிகஞ் செய்தோர் இவ்வுண்மையை எவருங் கற்பியாமலே அறிந்திருந்தனர். அவர்தம் மக்களும் பேரரும் இன்று இணையத்திலே கடை விரிக்கின்றனர். நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலரும் இலங்கையிலும் கடல்கடந்த நாடுகளிலும் அவ்வாறு செய்து வருகின்றனர். தந்தையார் கடையில் நன்கு பேணப்பட்ட அவ்வுண்மை மகனாருடைய இணையத்தளத்திலே மறக்கப்பட்டுக் கிடப்பதைப் பலவிடத்துங் காண்கின்றோம். அதன் காரணத்தை ஒருவாறு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறையிற் புகுந்து பேசத் தமிழாசிரியன் ஒருவனுக்கு யாது உரிமை என வினவுவார் உளராகலாம். இணையத்தளம் பெரும்பாலுஞ் சொற்களால் ஆயது, ஒருவர் எழுதப் பலர் வாசிப்பது, முறைப்பட வைக்கப்படுவது. ஆகவே அதனையும் ஒரு நூலெனக் கொள்ளல் பொருந்தும். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அதன் பாயிரத்துள் நூலுக்கு ஆகாத குற்றம் பத்தும், ஆகும் அழகு பத்தும் எண்ணி வைத்தார். உயர்தர வகுப்பிலே அவற்றைக் கற்பிக்குந்தோறும், ஏட்டுச் சுவடியைக் கருதிச் சொல்லப்பட்ட அக்குற்றங்கள் கைத்தொலைபேசித் திரையில் எத்துணை எளிதாகக் காணக் கிடைக்கின்றன என்று வியப்பதுண்டு. மாணவருக்கும் இவ்வழியாற் சொன்னால் நன்னூல் விரைவில் மனத்திற் பதிகின்றது.

வரலாறு சிறிது கூறி மேற்செல்வாம். சுவிற்சர்லாந்திலே ஜெனீவா நகரின் அயலிலுள்ள சேர்ண் என்னும் அணுவாராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய ரிம் பேணேர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர், 1989 ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக்கான திட்டத்தை எழுதினார். 1991 இல் அது நிலையத்துக்கு வெளியேயுள்ளோருக்கும் அறிவிக்கப்பட்டது. பௌதிகவியலார் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ளுதலே அதன் முதல் நோக்கம். வணிகர் பின்னரே வந்தனர். அமேசன் புத்தகக் கடை இணையத்திலே திறக்கப்பட்டது 1995 ஆம் ஆண்டு யூலை மாதத்தில்.

அக்காலத்து முயற்சிகளுள் வீழ்ந்துபட்டவற்றுள் நமக்குப் பெரிதும் பாடமாவது பூ டொட் கொம் என்னும் ஆடைக் கடையின் கதை. சுவீடன் தேசத்தாராகிய ஏர்ன்ஸ்ற் மால்ம்ஸ்ரன், கைசா லேயண்டர், பற்றிக் ஹெடலின் என்னும் மூவர் இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அதனைத் தொடங்கினர். முதலீட்டாளர் பெருந்தொகை கொடுத்தனர். 1999 ஆம் ஆண்டு மே மாதத்திற் திறப்பதாக இருந்த தளம் நவம்பரிலேதான் திறந்தது. ஆடைகளைச் சுற்றிச் சுழற்றிப் பார்க்கலாம், உருப்பெருக்கிப் பார்க்கலாம், மிஸ் பூ என்னும் சித்திரப் பெண்ணொருத்தி தோன்றி வருவோருக்கு வழிகாட்டுவாள். கேட்பதற்கு இனியனவே. ஆயின் அன்று வீடுகளில் இருந்த இணைப்பு எத்தகையது? தொலைபேசிக் கம்பி வழியாக வினாடிக்கு 56 கிலோபிற்று அளவே செல்லும். அதுவும் மிக நன்றாக வேலை செய்தால். அஃதாவது வினாடிக்கு 7 கிலோபைற்று. 100 கிலோபைற்றுப் பாரமுள்ள ஒரு பக்கம் வந்து சேர ஏறக்குறைய 15 வினாடி ஆகும். பூ தளத்தின் பக்கங்களோ அசையும் படங்களாலும் சிறு நிரல்களாலும் நிறைந்து கனத்தவை. சப்பாத்து வாங்க வந்தவர் சித்திரப் பெண் தலை சீவி வரும்வரை காத்திருந்து சலித்துப் போய்விட்டார். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நிறுவனம் மூடப்பட்டது. ஏறக்குறைய 18 மாதங்களிற் செலவான தொகை 135 மில்லியன் டொலர். அலங்காரம் ஒன்றே வீழ்ச்சிக்குக் காரணமென்று கூறுதல் நியாயமன்று. செலவுக்கு அளவில்லாமற் போனமையும், பல நாடுகளில் ஒரே வேளையிற் கடை திறக்க முற்பட்டமையும் பெருங் காரணங்கள். எனினும் வாடிக்கையாளர் கண்ட குற்றம் ஒன்றே: தளம் திறக்கவில்லை. நன்னூலார் மிகைபடக் கூறல் என்றது இத்தகைய மிகையையும் உள்ளடக்கும் எனலாம்.

இன்று இணைப்பின் வேகம் பன்மடங்கு பெருகியது உண்மை. ஆனால் வேகம் பெருகப் பெருகத் தளம் அமைப்போர் பாரத்தையும் ஏற்றிக்கொண்டே செல்கின்றனர். டென்மார்க்கிற் பிறந்த யாக்கோப் நீல்சன் என்னும் அறிஞர் 1993 இல் வெளியிட்ட நூலில் மூன்று கால எல்லைகளைக் குறித்தார். கட்டளை கொடுத்தபின் 0.1 வினாடிக்குள் விடை வருமாயின் உடனே நிகழ்ந்தது போலத் தோன்றும். 1 வினாடி வரை எண்ணத்தின் ஓட்டம் அறாது. 10 வினாடி கடந்தால் மனம் வேறிடஞ் செல்லும். இவை மனிதனுடைய இயல்பைப் பற்றிய அளவுகள். ஆதலால் இயந்திரம் மாறியபோதும் இவை மாறவில்லை. முகப்புப் பக்கத்திலே 5 மெகாபைற்று அளவுள்ள நிழற்படம் ஒன்றைக் குறுக்காமல் அப்படியே ஏற்றிவிடும் வழக்கம் நம் நாட்டுத் தளங்களிலும் உண்டு. முந்நூறு பக்க நாவலொன்றின் எழுத்துக்கள் முழுவதையும் சேர்த்தாலும் அத்துணை இடங் கொள்ளா. நாளொன்றுக்கு இத்துணை என்று தரவு வாங்கிப் பயன்படுத்தும் ஒருவர், விலையறிய வந்த இடத்திலே கட்டிடத்தின் படத்துக்காகத் தம் பணத்தை இழக்கின்றார். அப்படத்தை அவர் கேட்டாரல்லர்.

எளிமைக்கு எல்லையான ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் ஓமகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பேர்க்சயர் ஹதவே உலகப் பெரு நிறுவனங்களுள் ஒன்று. அதன் தளமோ படமும் பகட்டுமின்றி, ஆண்டறிக்கை, பங்காளருக்கு எழுதிய கடிதங்கள் முதலியவற்றின் பெயர்களை வரிவரியாக வைத்த ஒரு பக்கமாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. அங்கு வருவோர் தேடுவது அறிக்கையை; அது முதற் பார்வையிலேயே கிடைக்கின்றது. ஆயினும் இதைக் கண்டு சேலைக்கடை வைத்திருப்பவர் படங்களையெல்லாம் நீக்கிவிடுதல் பேதைமையாகும். சேலை வாங்குபவருக்குப் படமே செய்தி. கரையும் தலைப்பும் தனித்தனியே தெரியவேண்டும். நிறம் உள்ளவாறு இருத்தல் வேண்டும். வருபவர் எதற்காக வருகின்றார் என்று முதலில் அறிந்து, அதற்கேற்பச் சேர்த்தலுங் கழித்தலுஞ் செய்வதே முறை. இதற்கு மேற்பட்ட விதியொன்று உண்டென எனக்குத் தோன்றவில்லை.

இனி எழுத்துக்கு வருவாம். நீல்சனும் அவருடன் ஆராய்ந்தோரும் 1997 இல் வெளியிட்ட முடிவொன்று ஆசிரியர் அனைவருக்கும் சற்றுத் துயரந் தருவது. தாம் சோதித்தவருள் 79 சதவீதத்தினர் புதிய பக்கமொன்றைக் கண்டவுடன் மேலோட்டமாகப் பார்த்துச் சென்றனர். சொல்லுக்குச் சொல் வாசித்தவர் 16 சதவீதத்தினர் மாத்திரமே. 2006 இற் கண்ணின் அசைவை அளந்து செய்த ஆய்விலே, பார்வை மேலே ஒரு முறை குறுக்காகவும், சிறிது கீழே இன்னுமொரு முறை குறுக்காகவும் ஓடிப் பின் இடப்பக்க ஓரமாகவே இறங்குதல் பெரிதுங் காணப்பட்டது. ஆகவே வரியின் தொடக்கத்தில் உள்ள சொல்லே கண்ணிற் படும். வாக்கியத்தைப் புகழுரையாற் தொடங்கிப் பொருளை ஈற்றில் வைப்பவர் அப்பொருளை ஒளித்து வைத்தவரே யாவர்.

வகுப்பில் ஒரு பயிற்சி கொடுப்பதுண்டு. நிறுவனமொன்றின் தளத்தைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா, பழுதான பொருளை மாற்றித் தருவார்களா என்னும் இரண்டுக்கும் விடை காண்க என்பது பயிற்சி. மாணவர் தலைவரின் வாழ்த்துச் செய்தியைக் காண்பர். நிறுவனத்தின் தொலைநோக்கையும் பணிக்கூற்றையுங் காண்பர். பரிசு பெற்ற விழாவின் படங்களைக் காண்பர். கேட்டவை இரண்டும் பல தளங்களில் இல்லை. வேண்டியது விடுபட்டது குன்றக் கூறல். வேண்டாதது நிரம்பியது மற்றொன்று விரித்தல். இரண்டும் ஒரே பக்கத்திற் குடியிருப்பதுதான் விந்தை. இன்னொரு வகையும் உண்டு. முகப்பு மாளிகை போலிருக்கும்; உள்ளே ஒரு பக்கத்திலே கட்டப்பட்டு வருகின்றது என்ற அறிவிப்பு; மற்றொன்றில் 2017 ஆம் ஆண்டுப் புத்தாண்டு விலைக்கழிவு. சென்று தேய்ந்திறுதல் என்னும் குற்றத்துக்கு மாணவர் இதனை உதாரணங் காட்டியபோது யான் மறுத்துரைக்க இடமில்லை.

வாங்குதற்குத் துணிந்து வந்தவனையும் வாயிலிலே திருப்பியனுப்புவது படிவம். அமெரிக்க நிபுணராகிய ஜரெட் ஸ்பூல் 2009 ஆம் ஆண்டில் எழுதிய வரலாறொன்று இதற்குப் பொருத்தமானது. பெயர் குறிப்பிடாத பெருங் கடையொன்றின் தளத்திலே, பொருளைத் தெரிந்தெடுத்துப் பணஞ் செலுத்தச் செல்பவர் முன்னே சிறு படிவமொன்று தோன்றும். மின்னஞ்சல் முகவரிக்கும் கடவுச்சொல்லுக்குமாக இரண்டு கட்டங்கள். உட்புக ஒரு பொத்தான், பதிவு செய்ய ஒரு பொத்தான். கடவுச்சொல் மறந்தவருக்கு ஓர் இணைப்பு. இவ்வளவே. அமைத்தவர் இது வாடிக்கையாளருக்கு உதவி என்றே எண்ணினர். முதன்முறை வந்தவரோ, ஒரு பொருள் வாங்குதற்கு உறுப்பினராக வேண்டுமா என்று வெறுத்தனர். முன்பு வந்தவர் தம் கடவுச்சொல்லை மறந்து தவித்தனர். கணக்குகளை ஆராய்ந்தபோது வாடிக்கையாளருள் 45 சதவீதத்தினர் பன்முறை பதிவு செய்திருந்தமை தெரிந்தது. பின்னர்ப் பதிவுப் பொத்தானை நீக்கித் தொடர்க என்னும் பொத்தானை வைத்து, வாங்குதற்குக் கணக்குத் தேவையில்லை என்று ஒரு குறிப்பும் எழுதினர். வாங்கி முடித்தோர் தொகை 45 சதவீதம் உயர்ந்தது. முதலாண்டிற் கூடிய வருமானம் 300 மில்லியன் டொலர் என்று அவர் எழுதுகின்றார். ஒரு சொல்லின் பெறுமதியை மாணவருக்கு உணர்த்துதற்கு இதனினுஞ் சிறந்த கதை யான் அறிந்ததில்லை.

நம்மவருக்குப் படிவத்தால் விளையும் இடர் வேறு. தந்தை பெயரை முன்னே வைத்துத் தன் பெயரைப் பின்னே எழுதும் நம் வழக்கை, முதற்பெயர் குடும்பப்பெயர் என இரண்டாகப் பிரித்துக் கேட்கும் கட்டங்கள் அறியா. எழுதியவாறே நிரப்பினால் மகனுக்கு வரும் கடிதம் தந்தையாரை விளித்து வரும். முழுப்பெயர் என ஒரே கட்டம் வைத்தால் இவ்விடர் இல்லை. தேசிய அடையாள அட்டையின் பழைய இலக்கம் ஒன்பது எண்களும் இறுதியில் ஓர் ஆங்கில எழுத்துங் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது பன்னிரண்டு எண்கள் கொண்டது. இரண்டும் செல்லுபடியாவன. ஒன்றை மட்டும் ஏற்று மற்றையதைப் பிழையென்று தள்ளும் படிவம், வயது முதிர்ந்தவரையோ இளைஞரையோ ஒருபுறமாக ஒதுக்கிவிடுகின்றது. பிழை என்ற சொல்லைச் சிவப்பிற் காட்டிப் பிழை யாதென்று கூறாதுவிடுதல் இன்னுங் கொடிது. மாணவன் கொப்பியிலே பிழையென்று கோடிட்டுத் திருத்தத்தை எழுதாத ஆசிரியனை நாம் நல்லாசிரியன் என்போமா?

தமிழ்ப் பக்கங்களின் நிலையைத் தனியே கூறல் வேண்டும். ஒருங்குறி என்னும் உலகப் பொது எழுத்துக் குறியீட்டில் 1991 இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆயினும் நெடுங்காலம் நம் நாட்டிற் பாமினி போன்ற எழுத்துருக்களே வழங்கின. அவற்றில் ஆங்கில எழுத்தின் இடத்திலே தமிழ் வடிவம் வரையப்பட்டிருக்கும். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் நம் மொழி பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். இதற்கு அஞ்சிச் சிலர் தமிழை அச்சிட்டுப் படமாக்கி ஒட்டினர். ஒருங்குறி எங்கும் பரவிய பின்னும் அப்பழக்கம் முற்றும் நீங்கவில்லை. படத்திலுள்ள எழுத்தைத் தேடுபொறி பெரும்பாலும் எழுத்தெனக் கொள்ளாது; பெரிதாக்கினால் மங்கும்; தொலைபேசி இலக்கமாயின் தொட்டு அழைக்கவும் இயலாது.

ஒருங்குறியில் எழுதிய தளங்களிலும் ஆங்கிலத்துக்கு வெட்டிய சட்டையைத் தமிழுக்கு அணிவித்தல் காணப்படுகின்றது. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தால் முடியும் பொத்தானுக்குத் தமிழிற் பணம் செலுத்துக என்று எழுதவேண்டும். இடம் போதாமல் ஈற்றெழுத்துக்கள் வெளியே தள்ளப்படும். வரிகளுக்கிடையே உள்ள வெளி ஆங்கில அளவிலேயே இருந்தால் இகர ஈகாரக் கொம்புகள் மேல்வரியோடு மோதும். உகர ஊகாரச் சுழிகள் அறுபடும். சொற்களைப் பற்றியோ கேட்கவே வேண்டாம். முன்பதிவு செய்க என்று வரவேண்டிய இடத்திலே இப்பொழுது புத்தகம் என்றும், முகப்பு என்று வரவேண்டிய இடத்திலே வீடு என்றும் இயந்திரம் மொழிபெயர்த்ததை எவரும் ஒருமுறை வாசித்துப் பாராமலே வெளியிடுகின்றனர். மூன்று மொழிகளிலும் தளம் உண்டென்று விளம்பரஞ் செய்யும் நிறுவனம், தமிழ்ப் பக்கத்தை ஒரு தமிழறிந்தவருக்குக் காட்டினால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இது. ஆங்கிலம் அறியாத தாயொருத்தி வங்கிக் கட்டளையையோ மருந்தின் அளவையோ அப்பக்கத்தை நம்பியே அறியவேண்டியிருக்கும்போது, இது வெறும் மொழிப்பற்று விடயமன்று.

பார்வை குறைந்தோரும் வாடிக்கையாளரே. எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5 க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டுமென்பது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் நெறிமுறை; வெள்ளையிற் கறுப்பு 21 க்கு 1. வெள்ளையின் மேல் மெல்லிய சாம்பல் நிறத்தால் எழுதுவதை நாகரிகம் என்று கொள்வோர் இதனை நோக்குக. முற்றாகப் பார்வையற்றோர் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைத் துணைக்கொள்வர். படத்துக்கு விளக்கமும் பொத்தானுக்குப் பெயரும் நிரலில் எழுதப்படாவிடின் அது வாய்மூடி நிற்கும். இக்குறைக்காக அமெரிக்காவிலே டார்கெற் நிறுவனத்தின் மீது பார்வையற்றோர் கூட்டமைப்பு 2006 இல் தொடுத்த வழக்கு, 2008 இல் 6 மில்லியன் டொலர் இழப்பீட்டு நிதியோடு இணக்கமாக முடிந்தது. டொமினோஸ் பீற்சா நிறுவனத்தின் மீது பார்வையற்ற ஒருவர் தொடுத்த வழக்கிலும், மேன்முறையீட்டு நீதிமன்றம் 2019 இல் அவர் பக்கமாகவே தீர்ப்பளித்தது. அதனை மீள ஆராய உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இதுகாறுங் கூறியவை அறியாமையாலும் கவனமின்மையாலும் விளைவன. அறிந்தே செய்யும் குற்றம் ஒன்று எஞ்சியுள்ளது. நன்னூலார் மயங்க வைத்தல் என்று கூறியபோது எழுதுபவனின் திறமைக்குறைவையே கருதியிருப்பார். இன்று மிகுந்த திறமையோடு மயங்க வைக்கின்றனர். வாடிக்கையாளன் விரும்பாததைச் செய்யுமாறு அவனை வழுக்கிச் செல்லும் அமைப்புக்களுக்கு ஹரி பிரிக்னல் என்னும் ஆங்கிலேயர் 2010 ஆம் ஆண்டில் இருண்ட கோலங்கள் என்று பொருள்படும் பெயரொன்றை இட்டார். கேளாத காப்புறுதி கூடையில் முன்னரே சேர்ந்திருக்கும். ஏற்கின்றேன் என்பது பெரிய பொத்தானாகவும் மறுக்கின்றேன் என்பது கண்ணுக்குத் தெரியாத வரியாகவும் இருக்கும். அமேசன் நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 யூன் மாதத்தில் வழக்குத் தொடுத்தது. பிறைம் என்னும் சந்தாவிற் சேர்தல் ஓரிரு தொடுகையில் முடிய, விலகுவதற்கு நான்கு பக்கங்களும், ஆறு தொடுகைகளும், பதினைந்து தெரிவுகளுங் கடக்கவேண்டும் என்பது குற்றச்சாட்டு. அவ்விலகும் வழிக்கு நிறுவனத்தின் உள்ளே வழங்கிய பெயர் இலியட் என்றும் வழக்கேட்டிற் கூறப்பட்டது. கிரேக்கரின் நெடிய போர்க் காவியத்தின் பெயரை எவர் இட்டாரோ, அவருக்கு இலக்கிய அறிவு உண்டென்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2025 செப்டெம்பரில் நிறுவனம் குற்றத்தை ஏற்காமலே 2.5 பில்லியன் டொலர் செலுத்த இணங்கியது; அதில் 1.5 பில்லியன் வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு.

தளமொன்று அமைப்பிக்கக் கருதும் பழைய மாணவருக்குச் செலவில்லாத சோதனையொன்று உண்டு. ஐந்து பேரைக் கொண்டு சோதித்தாலே குறைகளின் பெரும்பகுதி வெளிப்படும் என்று நீல்சன் 2000 ஆம் ஆண்டில் எழுதினார். அலுவலகத்தாரை அழைத்தலாகாது, அவர்கள் வழியை முன்னரே அறிவர். ஊரிலுள்ள பெரியம்மா ஒருவர், உயர்தர மாணவன் ஒருவன், கண்ணாடியின்றி வாசிக்க இயலாத நண்பர் ஒருவர், இவ்வாறு ஐவரை அழைத்து, அவரவருடைய கைத்தொலைபேசியிலேயே தளத்தைத் திறப்பித்து, ஒரு பொருளை வாங்குமாறு கேட்க. அருகில் இருந்து வாய் திறவாது பார்க்க. இதுவே கடினமான பகுதி. அங்கே தொடுங்கள் பெரியம்மா என்று சொல்ல நா துடிக்கும். அவர் எவ்விடத்தில் விரலை நிறுத்தி உம்மை நிமிர்ந்து பார்க்கின்றாரோ, அவ்விடத்தைத் தாளிற் குறித்துக்கொள்க. ஐவருடைய குறிப்பையும் தளம் அமைத்தவரிடம் கொடுத்து, அவை திருத்தப்பட்ட பின்னரே பேசிய தொகையின் இறுதிப் பங்கைச் செலுத்துக.